பத்தாவின் சைக்கிள் அன்பர்கள்

ரியாத்தில் வேலை பார்க்கும் தமிழர்களில் பத்தாவை அறியாதவர் இருக்க முடியாது. கூழாங்கல்லும் மணலுமாய்க் கிடக்கும் ஓடைப் படுகைக்கு அரபியில் அப்படிப் பெயர். ஒரு காலத்தில் மழை பெய்தால் நீர் ஓடிய இடம் அது. இன்று வெள்ளிக்கிழமை பிற்பகலில் அங்கே ஓடுவது ஜனவெள்ளம். பழைய மஸ்மக் கோட்டையிலிருந்து நடந்தே போய்விடலாம். மலையாளம், வங்காளம், உருது, தமிழ், சிங்களம் எல்லாம் ஒரே சந்துக்குள் காதில் விழும். ஊருக்குப் பணம் அனுப்பவும், முருங்கைக்காய் வாங்கவும், ஊர்க்காரர் முகத்தைப் பார்க்கவும் வருகிறவர்கள்தான் எல்லோரும். 2024 டிசம்பரில் ரியாத் மெட்ரோ ஓடத் தொடங்கியது. அதன் நீலத் தடம் பத்தா வழியே செல்கிறது. இருந்தாலும் விளக்குக் கம்பங்களிலும் கடை ஷட்டர் ஓரங்களிலும் சங்கிலி போட்டுப் பூட்டிய சைக்கிள்கள் நிற்கத்தான் நிற்கின்றன.

அந்தச் சைக்கிள்களின் சொந்தக்காரர்கள் யார்? பக்காலாவிலிருந்து வீட்டுக்கு வீடு சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் பையன், விடியற்காலையில் கார் கழுவுகிறவர், சலவைக் கடைக்காரர், இரண்டு மூன்று வீடுகளில் தோட்ட வேலை பார்ப்பவர், ஏ.சி. மெக்கானிக்கின் உதவியாள். டிரைவிங் லைசென்ஸ் கிடையாது, டாக்சிக்குக் கொடுக்க மனமும் கிடையாது. நம் அன்பர்களில் பலர் கார் வைத்திருப்பவர்கள். இரவு நேரத்தில் திடீரென்று விளக்கொளியில் முளைக்கும் ஒரு சைக்கிளைக் கண்டு பிரேக்கை மிதித்து, ஜன்னலை இறக்கித் திட்டியும் இருப்பார்கள். அப்படித் திட்டு வாங்குகிறவர்களின் பேச்சைச் சற்று உட்கார்ந்து கேட்டால் பல விஷயங்கள் தெரியவரும்.

பத்தாவில் ஒரு டீக்கடை வாசலில் ஓயாமல் நடக்கும் வழக்கு ஒன்று உண்டு. வாதி இராமநாதபுரத்துக்காரர், வளைகுடாவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பிரதிவாதி புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன், பக்காலாவில் வேலை, வந்து சில மாதங்களே ஆகின்றன. இருபத்தெட்டு இஞ்ச் வண்டியா, இருபத்தாறு இஞ்ச் வண்டியா என்பதுதான் வழக்கு.

பெரியவரிடம் இருப்பது கம்பி பிரேக் வைத்த கறுப்பு இருபத்தெட்டு. "தம்பி, முன் சக்கரத்துல முப்பத்திரண்டு கம்பி, பின் சக்கரத்துல நாப்பது. ஒரு மூட்டை அரிசிய வச்சாலும் ரிம் கோணாது. உன் வண்டிய ஒருநாள் ஏத்திப் பாரு, பெண்டு எடுக்கவே உன் சம்பளம் போயிரும்" என்பார். பையன் விடமாட்டான். "அண்ணே, உங்க வண்டி மணல்ல இறங்குனா நீங்க இறங்கித் தள்ளணும். என் டயரு பட்டையா இருக்கு, அப்படியே ஏறிப் போயிடுவேன். பாலத்துல ஏறுறதுக்குக் கியர் இருக்கு" என்பான்.

இருவர் பேச்சிலும் பாதி நியாயம் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்து ரோட்ஸ்டர் என்கிற இருபத்தெட்டு, குண்டும் குழியுமான சாலையில் சுமை தூக்குவதற்கென்றே அமைந்த வண்டி. நீண்ட உடம்பு, அதனால் குலுக்கல் குறைவு. முழு மட்கார்டும் முழு செயின் கவரும் உண்டு. பாலைவனத்துக்குச் செயின் கவர் எத்தனை பெரிய உபகாரம் என்பது பின்னால் தெரியும். குறை எங்கே என்றால் பிரேக்கில். நிக்கல் பளபளப்புள்ள இரும்பு ரிம்மில் ரப்பர்க் கட்டை பிடிப்பது உலர்ந்திருக்கும்போதே சுமார். நனைந்தால் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். ரியாத்தில் மழை எங்கே என்று கேட்கலாம். வருஷத்தில் சில நாளே பெய்தாலும் அந்த நாளில்தான் சாலையில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும். பையனுடைய வண்டியின் அலுமினிய ரிம் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். ஆனால் அவன் பெருமைப்பட்டுக்கொள்ளும் முன் ஷாக் அப்சார்பர், மலிவு வண்டிகளில் வெறும் பாரம். மிதிக்கும் பலத்தில் ஒரு பகுதியை அதுவே குடித்துவிடும். மணல் புகுந்தால் ஒரு கோடையில் ஆடத் தொடங்கும். ரியாத் பெரும்பாலும் சமமான மேட்டுநிலம். கியர் இல்லாத இருபத்தாறில் மட்கார்டு, செயின் கவர், நல்ல கேரியர் போட்டுக்கொள்வதுதான் பக்காலா வேலைக்கு ஏற்றது. இதைச் சொன்னால் இரு கட்சியும் ஒன்று சேர்ந்துகொண்டு சொன்னவரை எதிர்க்கும்.

பெரியவரின் பிடிவாதத்தில் பிறந்த ஊர்ப் பாசமும் கலந்திருக்கிறது. பெரிய வண்டியில் சீட்டுக்குக் கால் எட்டாமல், பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்ட தலைமுறை அவருடையது. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, நேரம் முடிந்தும் திருப்பாமல், கடைக்காரரிடம் உதை வாங்கிய தலைமுறையும் அதுதான். சென்னை அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், லூதியானாவில் 1956இல் தொடங்கிய ஹீரோ, சோனிபட்டில் 1951இல் தொடங்கிய அட்லஸ் ஆகிய பெயர்கள் அவருக்குக் குலதெய்வங்கள் மாதிரி. ஹீரோ 1986இல் உலகிலேயே அதிக சைக்கிள் செய்யும் நிறுவனம் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அட்லஸின் கதை வேறு. சாகிபாபாத்தில் இருந்த அதன் ஆலை 2020 ஜூன் 3 அன்று வேலையை நிறுத்தியது. அது ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த உலக சைக்கிள் தினம். அந்தச் செய்தி வந்த அன்று பெரியவர் டீ குடிக்கவில்லை என்று பையன் கேலி செய்கிறான். அவன் அப்போது ஊரில் பள்ளிக்கூடத்தில் இருந்தவன்!

அவனுக்கும் ஒரு சைக்கிள் பாரம்பரியம் உண்டு, அவன் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலாராணி சுங்கத் அதற்குத் தூண்டுகோலாக இருந்தார். கல் குவாரியில் உழைத்த பெண்கள், விவசாயக் கூலிகள், கிராமத்து நர்சுகள் என்று ஆயிரக்கணக்கானோர் ஏறினார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதவர்கள் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். அந்தப் பாரில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று கண்டுகொண்டவர்களும் அவர்களே. பையனின் தாயார் கற்றதும் அந்த அலையில்தான். மகன் சவூதியில் சாமான் சுமக்க, அம்மா ஊரில் இன்றும் ரேஷன் கடைக்குச் சைக்கிளில் போகிறார்.

இனி மணலுக்கு வருவோம். பத்தாவில் சைக்கிள் பேச்சு எங்கே தொடங்கினாலும் மணலில்தான் போய் நிற்கும். ஊரில் செயின் கிறீச்சிட்டால் எண்ணெய் விட்டுவிட்டுப் போய்விடுவோம். இங்கே அதே காரியம் செயினைத் தின்றுவிடும். எண்ணெயில் மணல் ஒட்டினால் அது அரைக்கும் மாவு. பல் சக்கரம், செயின் இரண்டையும் சேர்த்து அரைக்கும். பெரியவர் செய்கிற முறை சரியானது. பழைய துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுச் செயினை முழுதும் துடைப்பார். காய விட்டு, ஒவ்வொரு உருளை மேலும் ஒரு சொட்டு எண்ணெய். பெடலைப் பின்னோக்கிப் பத்துச் சுற்று. பிறகு வெளியில் இருக்கும் எண்ணெயை மறுபடியும் துடைத்து எடுத்துவிடுவார். எண்ணெய் உருளைக்கு உள்ளே இருக்க வேண்டும், வெளியே மினுமினுக்கக் கூடாது. வசந்த காலத்துப் புழுதிக் காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் இதைச் செய்யாமல் அவர் வண்டியைத் தொடமாட்டார்.

ஆண்டுக்கு ஒருமுறை ஓவராயிலிங். முன் சக்கரத்தில் பக்கத்துக்குப் பத்துச் சிறிய பால்ஸ், பின் சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பது பெரிய பால்ஸ் என்று அவருக்கு மனப்பாடம். ஒரு பால்ஸ் உடைந்தாலும் அந்தப் பக்கத்துக் குண்டுகள் முழுவதையும் மாற்றுவார். தேய்ந்ததோடு புதியதைச் சேர்த்தால் புதியதே எல்லாப் பாரத்தையும் சுமக்கும். கோனை இறுக்கும்போது சக்கரம் பக்கவாட்டில் ஆடவும் கூடாது, சுற்றும்போது பிடிக்கவும் கூடாது. அது கைப்பழக்கம், எழுதிக் காட்ட முடியாது.

அடுத்து வால்வு ட்யூப். பழைய மாதிரி வால்வில் சின்ன ரப்பர்க் குழாய் ஒன்று மாட்டியிருக்கும். வளைகுடா வெயிலில் அது சீக்கிரமே விறைத்து வெடித்துப்போகும். காலையில் எழுந்து பார்த்தால் டயர் சப்பையாக இருக்கும், ட்யூபைக் கழற்றித் தண்ணீரில் முக்கினால் பஞ்சர் எதுவும் இருக்காது. அனுபவசாலி முதலில் வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்துப் பார்ப்பார். குமிழி வந்தால் குற்றவாளி வால்வு ட்யூப். அரை விரல் நீளம் ரப்பர்க் குழாயைச் சட்டைப் பையில் வைத்திருப்பவரே பத்தாவில் புத்திசாலி.

வெயிலில் காற்று விரிந்து டயர் வெடிக்கிறது என்று பையன் உட்பட பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டால் அவ்வளவு இல்லை. 25 டிகிரியில் அடித்த 50 பவுண்டு காற்று, டயர் 60 டிகிரிக்குச் சூடேறினால் ஏறக்குறைய 58 பவுண்டு ஆகும். நல்ல டயர் இதைத் தாங்கும். வெடிப்பது பெரும்பாலும் பக்கச்சுவர் வெடித்த பழைய டயர், அல்லது வெயிலில் பசை இளகி விட்டுக்கொடுத்த பஞ்சர் ஒட்டு. இதற்குப் பயந்து காற்றைக் குறைத்து வைப்பதுதான் ஆபத்து. நடைபாதை விளிம்பில் ஏற்றும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை விழும். காற்றடைத்த டயரை 1888இல் உலகுக்குத் தந்த டன்லப் ஒரு மாட்டு வைத்தியர் என்பதை வைத்தியத் தொழிலில் இருப்பவர்கள் சற்றுப் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம்.

செயின், வால்வு, பால்ஸ், பெண்டு என்று மூன்று டீ வரை ஓடும் இந்தப் பேச்சில் இரண்டு விஷயங்கள் மட்டும் வருவதில்லை. ஆளைக் கொல்வது அந்த இரண்டும்தான்.

முதலாவது, பக்கம். நம் ஊரில் வண்டிகள் இடப்பக்கம் போகும். வளைகுடா முழுவதும் வலப்பக்கம். கார் ஓட்ட வருகிறவருக்கு லைசென்ஸ் எடுக்கும்போதே இதைத் தட்டிச் சொல்லிக்கொடுத்து விடுகிறார்கள். சைக்கிள்காரனுக்கு யாரும் சொல்வதில்லை. ஊரில் இருபது வருஷம் சாலையைக் கடக்குமுன் முதலில் வலப்பக்கம் பார்த்துப் பழகிய கழுத்து, இங்கேயும் வலப்பக்கமே திரும்பும். ஆபத்து வருவதோ இடப்பக்கத்திலிருந்து. பையன் வந்த மூன்றாவது வாரத்தில் இப்படித்தான் சந்திலிருந்து வெளியே வந்து, ஒரு காரின் பக்கக் கண்ணாடியில் முழங்கையை இடித்துக்கொண்டு விழுந்தான். ஒரு தட்டு முட்டை உடைந்தது. முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

அதற்குப் பிறகு அவன் செய்த காரியம் இன்னும் தப்பு. எதிரே வரும் கார்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டு போனால் பத்திரம் என்று எதிர்ப்புறமாகவே ஓட்டத் தொடங்கினான். இப்படி ஓட்டுகிறவர்கள் பத்தாவிலும் உண்டு, துபாய் தேய்ராவிலும் உண்டு. கார் 60 கிலோமீட்டர் வேகம், சைக்கிள் 15 என்று வைத்துக்கொண்டால், ஒரே திசையில் போகும்போது இரண்டுக்கும் வித்தியாசம் 45. எதிரெதிரே வரும்போது 75. அதைவிட முக்கியமானது வேறு. குறுக்குத் தெருவிலிருந்து வலப்பக்கம் திரும்பும் காரோட்டி, வண்டி வரக்கூடிய இடப்பக்கத்தை மட்டுமே பார்ப்பார். வலப்பக்கத்திலிருந்து எதிர்த்து வரும் சைக்கிள் அவர் கண்ணுக்கு இல்லாத ஒன்று. பையன் அவரைப் பார்க்கிறான், அவர் பையனைப் பார்க்கவில்லை.

இரண்டாவது, விளக்கு. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. தாழ்த்திய விளக்கில் கறுப்போ நீலமோ உடுத்திய ஆள் தெரிவது சுமார் 30 மீட்டருக்குள். காரோட்டி கண்டுகொண்டு காலை பிரேக்கில் வைப்பதற்குள் 25 மீட்டர் போய்விடும். வண்டி நிற்க மேலும் 20 மீட்டர் வேண்டும். கூட்டிப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும். வேலைத்தலத்துச் சீருடை பெரும்பாலும் கருநீலமாக இருப்பதை இதோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

பெரியவருக்கு இது கணக்காகத் தெரிந்த விஷயம் இல்லை. அவருடைய அறைத்தோழர் ஒருவர் பல வருஷங்களுக்கு முன் இரவு வேலை முடிந்து விளக்கில்லாத சைக்கிளில் திரும்பியவர், அறைக்கு வந்து சேரவில்லை. பெட்டி ஊருக்குப் போகப் பல நாளாயிற்று. அந்தச் சைக்கிளின் கேரியரில் கட்டியிருந்த தூக்குச் சட்டி நசுங்காமல் இருந்ததாம். பெரியவர் இதை டீக்கடையில் சொல்வதில்லை. ஆனால் அவருடைய வண்டியின் முன்னும் பின்னும் சார்ஜ் செய்யும் விளக்கு, பெடலில் மஞ்சள் பிரதிபலிப்பான், கணுக்காலில் ஒளிரும் பட்டை எல்லாம் இருக்கின்றன. கணுக்காலில் கட்டுவது நல்ல யோசனை. மேலும் கீழும் அசைகிற வெளிச்சத்தை மனிதக் கண் உடனே காலென்று அடையாளம் காணும்; முதுகில் அசையாத பட்டையை விட அது சீக்கிரம் தெரியும். டைனமோ விளக்கு அழகுதான், ஆனால் சக்கரம் நின்றால் அணைந்துவிடும். சிக்னலில் காத்திருக்கும்போதுதானே அதிகம் தேவை!

துபாயில் 2022இல் வந்த சைக்கிள் விதிகளின்படி, வேக வரம்பு 60க்கு மேற்பட்ட சாலைகளில் சைக்கிள் போகக் கூடாது. ஹெல்மெட்டும் ஒளிரும் அங்கியும் கட்டாயம். அதே துபாயில் 2020 முதல் ஆண்டுக்கு ஒரு விடியற்காலை ஷேக் சாயித் சாலையைக் கார்களுக்கு மூடிச் சைக்கிள்களுக்கு விடுகிறார்கள். ஆயிரக்கணக்கானோர் பவனி வருகிறார்கள். மறுநாள் அந்தச் சாலையில் சைக்கிள் தலை காட்ட முடியாது.

ஹெல்மெட் என்றால் பெரியவரே முகம் சுளிப்பார், வேர்க்கிறதாம். நாற்பது ஆய்வுகளில் வந்த 64,000க்கும் மேற்பட்ட சைக்கிள் விபத்துக்காரர்களைச் சேர்த்து ஆராய்ந்து 2016இல் வெளிவந்த ஒரு கணக்கு, கடுமையான தலைக்காயத்தின் வாய்ப்பை ஹெல்மெட் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் குறைக்கிறது என்கிறது. வேர்வை துடைத்தால் போகும்.

வேர்வை பற்றி ஒரு வார்த்தை. தம்மாமிலோ துபாயிலோ சைக்கிள் மிதித்தால் சட்டை பிழியலாம், வேர்ப்பது தெரியும். ரியாத் காற்று உலர்ந்தது. வேர்வை தோலில் தோன்றுமுன் ஆவியாகிவிடும், அதனால் வேர்க்கவே இல்லை என்று நினைத்துத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். உடம்போ ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டரை இழந்திருக்கும். வளைகுடாத் தமிழர்களிடம் சிறுநீரகக் கல் வருவதற்கு இப்படித் தண்ணீர் குறைவதும் ஒரு காரணம். சிறுநீர் வெளிர் மஞ்சளுக்கு மேல் கறுத்தால் குடித்தது போதாது என்று பொருள். உப்புப் போட்ட மோர் நல்லது. குளிர்ந்த சர்க்கரைப் பானம் மோருக்கு ஈடாகாது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 முதல் 3 வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சவூதி விதி. அந்த நேரத்தில் சைக்கிளையும் நிழலில் நிறுத்திவிடுவதே உத்தமம். சைக்கிளில் வந்தவர் பேச்சுக் குழறி, நடை தள்ளாடி, உடம்பு நெருப்பாய்ச் சுட்டால் அது மயக்கம் என்று படுக்கவைத்து விசிறிக்கொண்டிருக்கக் கூடாது. நிழலில் இழுத்து, உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுதும் தண்ணீர் ஊற்றி, சவூதியில் 997ஐ அழைக்க வேண்டும்.

முழங்கால் வலி என்று வருகிற சைக்கிள்காரரில் பலருக்கு மருந்தே வேண்டாம், சீட்டை உயர்த்தினால் போதும். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நீண்டு நிமிர்ந்தால் அதுதான் சரியான உயரம். சுண்டு விரல் மரத்துப்போகிறவர் ஹேண்டில் பாரில் சாய்ந்து எழுதுவதை, மன்னிக்கவும், ஓட்டுவதை நிறுத்த வேண்டும். பிடியில் பழைய ட்யூப் துண்டைச் சுற்றிக்கொண்டாலும் குணம் தெரியும்.

ரியாத்தில் இப்போது சைக்கிளுக்கென்றே ஒரு பெரும்பாதை உருவாகிறது. ஹனீஃபா ஓடைக்கும் சுலை ஓடைக்கும் இடையே 135 கிலோமீட்டர் நீளத்துக்கு 2019இல் அறிவித்த ஸ்போர்ட்ஸ் புலவார்டின் முதல் பகுதிகளை 2025 பிப்ரவரியில் திறந்தார்கள். பச்சைச் சைக்கிள் ஒன்றுக்கு ஆசைப்படும் ரியாத் சிறுமியின் கதையாக ஹைஃபா அல் மன்சூர் எடுத்த 'வஜ்தா' படம் 2012இல் வந்தபோது, அந்தப் பெண் இயக்குநர் தெருவில் நின்று படமெடுக்க முடியாமல் வேனுக்குள் உட்கார்ந்துகொண்டு இயக்கினார். இன்று அதே ஊரில் பெண்கள் அந்தப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஆனால் பக்காலாவின் தெருக்கள் அந்தப் பாதையில் இல்லை. முட்டைத் தட்டு காரோடு காராகத்தான் போக வேண்டும்.

ஆயுத பூஜையன்று பெரியவர் அறைக்குள் சைக்கிளைத் துடைத்து ஹேண்டிலில் ஒரு சந்தனப் பொட்டு வைப்பார். போன ஆண்டு பையனின் வண்டிக்கும் வைத்தார். பொட்டு காய்வதற்குள் தன் பையிலிருந்து ஒரு சிவப்பு விளக்கை எடுத்து, அவனுடைய கேரியருக்குக் கீழே கம்பியால் இறுக்கினார். "அண்ணே, எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டான். "ரெண்டு டீ" என்றார்.

அன்று இரவே சாமான் எடுத்துக்கொண்டு பையன் கிளம்பினான். சந்து முனையில் ஒரு காலை ஊன்றி நின்றான். வலப்பக்கம் திரும்பத் தொடங்கிய தலை பாதியில் நின்று, இடப்பக்கம் திரும்பியது.